கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள்

2017 ஆகஸ்ட் மாதத்தின் முதல் சில நாட்கள். விஜய் டிவியில் பிக் பாஸ் தமிழின் முதல் பருவம் ஓடிக்கொண்டிருந்தது. பூந்தமல்லியைத் தாண்டி, ஈவிபி வளாகத்தில் போட்டிருந்த அந்த வீட்டுக்குள் நடிகை ஓவியா உடைந்துபோயிருந்தார் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. சக போட்டியாளர் ஆரவ் மீது தனக்கிருந்த காதலை அவர் மறைக்கவில்லை. அது அவர் எதிர்பார்த்தபடி திரும்பி வரவுமில்லை. வீட்டில் பலர் அவரை ஒதுக்கியிருந்தார்கள். ஒருநாள் அவர் நீச்சல்குளத்தில் மூழ்க, மற்றவர்கள் இறங்கி அவரைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் நிகழ்ச்சியை விட்டு வெளியேறினார். அந்தக் காட்சியும் மற்ற காட்சிகளைப் போலவே ஒளிபரப்பானது.

அந்த வாரம் எந்தக் கடையில் நின்றாலும், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே பேச்சு. ஆரவ் ஏமாற்றிவிட்டாரா, ஓவியா அவசரப்பட்டாரா, ஒதுக்கியவர்களில் யார் அதிகக் கொடுமைக்காரர்? ‘ஓவியா ஆர்மி’ என்ற சொல்லே அப்போது பிறந்ததுதான். ஆனால் அந்த வீட்டின் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால் இரவு பகலாகக் கேமராக்களோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி அநேகமாக யாருமே பேசவில்லை. ஒரு பெண் நாளுக்கு நாள் நொறுங்குவதை நம்மைவிட முன்பே, நம்மைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் அவர்கள். எப்போது உள்ளே போய் நிறுத்துவது என்பதும், எந்தத் துண்டை எடுத்து இரவு நமக்குக் காட்டுவது என்பதும் அவர்கள் கையில் இருந்தன.

ஆரவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. ஒருவர் விரும்ப, இன்னொருவருக்கு விருப்பமில்லாமல் போவது உலகத்தில் தினமும் நடப்பது. வெளியே என்றால் அந்தப் பெண் அம்மாவுக்கோ தோழிக்கோ போன் செய்திருப்பாள். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்திருப்பாள். அந்த ஆளும் ஒதுங்கிப் போயிருப்பான். பாதிக் காயம் அதிலேயே ஆறியிருக்கும். அந்த வீட்டுக்குள் இருவருக்கும் ஒதுங்க இடமில்லை. விலகி நடக்கும் வழியை அடைத்து வைத்துவிட்டு, இரண்டு பேரை ஒரே கூரையின் கீழ் நூறு நாள் உட்காரவைத்தால் சாதாரண மனத்தாங்கலும் நஞ்சாகும். ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் நாம் பார்க்கும் நச்சு உறவுகளில் பெரும்பங்கு அங்கே போனவர்கள் மூட்டை கட்டிக் கொண்டுபோனது அல்ல. அந்த வீடுதான் அதை விளைவிக்கிறது. விளைவிப்பதற்கென்றே அந்த வீடு கட்டப்பட்டிருக்கிறது.

இது மிகையான குற்றச்சாட்டு என்று தோன்றலாம். குடும்ப வன்முறை பற்றி எழுதியவர்கள் சொல்வதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடி உதை இல்லாமலேயே ஒருவரை இன்னொருவர் ஆட்டிப்படைப்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் எவன் ஸ்டார்க் 2007-ல் ஒரு நூலாகவே எழுதினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ல் அது தனிக் குற்றமாயிற்று. ஐந்தாண்டு வரை சிறை. நம்முடைய 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் சொல்லாலும் மனத்தாலும் செய்கிற கொடுமையை வன்முறை என்றே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவர்கள் எல்லோரும் சொல்லும் அடையாளங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். பிறந்த வீட்டாரையும் நண்பர்களையும் பார்க்கவிடாமல் பிரிப்பது. போனைப் பிடுங்கிக்கொள்வது. எந்நேரமும் கண்காணிப்பது. சாப்பாட்டையும் தூக்கத்தையும் தன் கையில் வைத்துக்கொள்வது. இன்றைக்குக் கொஞ்சல், நாளைக்குத் தண்டனை. எது எப்போது வரும் என்று தெரியாமல் தவிக்கவிடுவது. நடந்ததை நடக்கவில்லை என்று சாதித்து, தன் நினைவையே அவள் சந்தேகிக்கும்படி செய்வது.

இப்போது அந்த வீட்டுக்கு வாருங்கள். போன் கிடையாது, செய்தித்தாள் கிடையாது, கடிகாரம் கிடையாது. குளியலறைக்குள் போகும்வரை கேமரா. டாஸ்க்கில் தோற்றால் அந்த வாரச் சாப்பாட்டில் கை வைக்கப்படும். விடியற்காலையில் பாட்டுப் போட்டு எழுப்புவார்கள், பகலில் கண்ணசந்தால் நாய் குரைக்கும் ஒலியைப் போடுவார்கள். முகமில்லாத ஒரு குரல் அழைத்தால் எழுந்து போக வேண்டும். எதற்காகப் பாராட்டு, எதற்காகக் கண்டிப்பு என்பது தொகுப்பாளர் வந்து பேசும் சனிக்கிழமை வரும்வரை தெரியாது.

சனிக்கிழமை என்றதும் ‘குறும்படம்’ நினைவுக்கு வருகிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒருவர் சாதிப்பார், அப்போதைய தொகுப்பாளர் கமல்ஹாசன் குறும்படம் போடச் சொல்வார், அவர் சொன்னது திரையில் ஓடும், அரங்கம் கைதட்டும். பொய் சொன்னவர் பிடிபட்டார் என்று நமக்கும் திருப்திதான். ஆனால் மூன்று வாரம் சரியாகத் தூங்காத ஒருவருக்குத் தான் ஒன்பது நாளுக்கு முன் எந்தத் தொனியில் என்ன சொன்னோம் என்பது நினைவில் இருக்குமா? அந்தப் பதிவுகள் முழுவதும் ஒரு தரப்பிடம் மட்டுமே இருக்கின்றன. எந்த இருபது விநாடி உண்மை என்று அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருந்த பேச்சைக் கேட்கும் உரிமை போட்டியாளருக்கு இல்லை. பலர் அந்த மேடையில் தலை குனிந்து, அப்படியானால் நான்தான் தப்பாக நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது என்று முணுமுணுத்ததைப் பார்த்திருக்கிறோம். நச்சு உறவில் சிக்கிய பெண்கள் ஆலோசகரிடம் வந்து முதலில் சொல்கிற வாக்கியமும் அநேகமாக இதுதான்.

ஆனால் போகிறவர்கள் ஏன் போகிறார்கள்? புகழ்வெறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. நான் அப்படி முடிக்க மாட்டேன். முதல் பருவத்தில் இருந்த ஹரீஷ் கல்யாணும் ரைசா வில்சனும் அடுத்த ஆண்டே ‘பியார் பிரேமா காதல்’ படத்தில் நாயகன் நாயகியாக வந்தார்கள். மூன்றாவது பருவத்தின் கவின் இன்றைக்குத் தனியாகப் படத்தைத் தாங்கும் நாயகர். அப்பாவோ மாமாவோ சினிமாவில் இல்லாத பிள்ளைக்குக் கோடம்பாக்கத்தில் ஆடிஷன் வரிசைதான் கதி. பத்து வருடம் அந்த வரிசையில் நின்றும் கிடைக்காத முகவரி நூறு நாளில் கிடைக்கிறது என்றால் போகத்தான் செய்வார்கள். ஒரு காலத்தில் சினிமாவில் இருந்து, வாய்ப்பு நின்றுபோன நாற்பது வயதுக்காரருக்கும் அது மறுபடி ஒரு கதவு. வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உள்ளவர்கள் எடுக்கிற முடிவு அது. பிரிட்டனில் 2018-ல் லவ் ஐலண்ட் என்ற ஜோடி சேரும் ரியாலிட்டி நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்தவர்கள், ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பித்தவர்களைவிட அதிகம் என்று அந்நாட்டு ஏடுகள் அங்கலாய்த்தன. அங்கலாய்த்தவர்களில் எத்தனை பேர் அந்த இளைஞர்களுக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது என்று கேட்டார்கள்?

ஆசை தப்பில்லை. அந்த ஆசை, உள்ளே போனதும் உறவுகளை என்ன செய்கிறது என்பதுதான் கவலை. வீட்டுக்குள் எல்லோருக்கும் ‘கன்டென்ட்’ என்ற சொல் தெரியும். ‘ஃபுட்டேஜ்’ யாருக்கு அதிகம் என்பது தெரியும். ‘லவ் ட்ராக்’ ஓடினால் நாமினேஷனில் வந்தாலும் வாக்கு விழும் என்பது தெரியும். ஆக ஒருவன் அன்பாகப் பேசினால், இது எனக்கா கேமராவுக்கா என்று அந்தப் பெண்ணுக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிடும். அவனுக்கே அது தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் கொடுமை. இருபத்தைந்து வயதில், பயத்திலும் தனிமையிலும், பக்கத்தில் இருக்கும் ஒரே இதமான முகத்தின் மேல் வருகிற பிடிப்பு காதலா, பிழைப்பா, ஆட்டமா என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? பிரிக்க முடியாத அந்த நிலையில் வைத்துக்கொண்டே, நீ உண்மையாக இருக்கிறாயா, நடிக்கிறாயா என்று வாரம் தவறாமல் விசாரணை நடக்கும். அவனும் அவளும் ஒருவரையொருவர் நாமினேட் செய்ய வேண்டிவரும். செய்தால் துரோகம்; செய்யாவிட்டால் ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள் என்ற பழி.

மூன்றாவது பருவத்தில், 2019-ல், கவினும் இலங்கையிலிருந்து வந்த செய்தி வாசிப்பாளர் லாஸ்லியாவும் நெருங்கினார்கள். பிறகு ‘ஃப்ரீஸ்’ டாஸ்க் வந்தது. போட்டியாளர்கள் சிலைபோல் அசையாமல் நிற்க, குடும்பத்தார் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். பல ஆண்டுகளாக நேரில் பார்த்திராத தந்தை உள்ளே வந்தபோது அந்தப் பெண் கதறிய கதறலை மறக்க முடியவில்லை. தந்தையோ மகளுக்கு அந்த வீட்டில் உண்டான உறவைப் பற்றிக் கடிந்துகொண்டார். ஒரு தமிழ்க் குடும்பத்தில் அப்பாவும் மகளும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய பேச்சு அது. அழுது, கோபித்து, நாலு நாள் பேசாமல் இருந்து, அம்மா நடுவில் புகுந்து சமாதானம் செய்ய வேண்டிய விஷயம். அதை நடுக்கூடத்தில், அத்தனை கேமராவுக்கு முன்னால் நடத்தினார்கள். தந்தை தானாக வந்துவிடவில்லை. எந்த நாளில், எந்த டாஸ்க்கில், யாரை உள்ளே அனுப்பினால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யோசித்த மேசை ஒன்று இருந்தது. அந்த மேசையில் இருந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. கவின், லாஸ்லியா, அந்தத் தந்தை ஆகிய மூவரின் பெயர்களைத்தான் சமூக ஊடகம் மாதக்கணக்கில் மென்றது.

அதே பருவத்தில் ஒரு நடிகை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டார். விதியை மீறிவிட்டார் என்று சொல்லி வெளியே அனுப்பப்பட்டார். ஒரு மனிதர் தன் உடம்பைத் தானே காயப்படுத்தும் அளவுக்குப் போயிருக்கிறார். அதற்கு அந்த வீட்டுச் சட்டத்தில் இருந்த பெயர் விதிமீறல்.

புகழ் தேடிப் போகாதவர்களையும் இந்தத் தொழில் விட்டுவைக்கவில்லை. ஜீ தமிழில் குடும்பச் சண்டைகளை விசாரித்த ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் பலர் கூலி வேலை செய்கிறவர்கள். காவல் நிலையத்தில் கேட்பார் இல்லை, பஞ்சாயத்தில் பணம் உள்ளவன் பக்கம் தீர்ப்பு, டிவிக்குப் போனாலாவது நியாயம் கிடைக்காதா என்று வந்தவர்கள். கணவனும் மனைவியும் அவள் தாயும் விளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒருவர் மானத்தை ஒருவர் வாங்கினார்கள். அந்த அழுகையிலிருந்து பிறந்த ஒரு வசனம் மாநிலம் முழுவதும் மிமிக்ரியாயிற்று. 2018-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை போட்டது. அதே ஆண்டு கலர்ஸ் தமிழில் ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’. நடிகர் ஆர்யாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் பதினாறு பெண்கள் போட்டி போட்டார்கள். கடைசிக் கட்டப் பெண்களின் வீடுகளுக்கே மாப்பிள்ளை போனார். பெரியவர்கள் பலகாரம் வைத்து உபசரித்தார்கள். இறுதிநாளில் யாரையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார். நிகழ்ச்சி முடிந்தது. அந்தப் பெண்கள் அவரவர் தெருவுக்குத் திரும்பிப் போனார்கள்.

வடக்கே இதைவிட மோசமாக நடந்தது. 2010-ல் ‘ராக்கி கா இன்சாஃப்’ என்ற இந்தி நிகழ்ச்சியில் ஜான்சியைச் சேர்ந்த ஒரு இளைஞரின் ஆண்மையைக் குறித்து இழிவாகப் பேசினார்கள். சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அந்த அவமானம்தான் காரணம் என்று குடும்பம் புகார் கொடுத்தது, வழக்குப் பதிவானது. மத்திய அரசு செய்தது என்ன? அந்த நிகழ்ச்சியையும் இந்தி பிக் பாஸையும் இரவு 11 மணிக்கு மேல் ஒளிபரப்புங்கள் என்று உத்தரவிட்டது. பார்க்கிற குழந்தையின் கண்ணை மூடினால் போதும் என்று நினைத்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த மனிதரைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த உத்தரவின் கவலையாகவே இல்லை.

அந்தக் கவலை பிரிட்டனில் கொஞ்சம் தாமதமாக வந்தது. உயிர்களைக் கொடுத்த பிறகு வந்தது. நம் ‘சொல்வதெல்லாம் உண்மை’க்கு மூத்த சகோதரி என்று சொல்லத்தக்க ‘ஜெரமி கைல் ஷோ’வில் பொய் கண்டறியும் கருவி வைத்து, காதலிக்கு உண்மையாக இருக்கிறாயா என்று சோதிப்பார்கள். 2019 மே மாதம் அந்தச் சோதனையில் தோற்றவர் என்று சொல்லப்பட்ட 63 வயது மனிதர் சில நாட்களில் இறந்து கிடந்தார். பதினான்கு ஆண்டு ஓடிய நிகழ்ச்சியை ஐடிவி நிறுத்தியது. மரணத்துக்கும் நிகழ்ச்சிக்கும் தெளிவான நேரடித் தொடர்பை நிறுவ முடியவில்லை என்று 2024-ல் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவுக்காக யாரும் காத்திருக்கவில்லை. நாடாளுமன்றக் குழு தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், பங்கேற்பவர்களின் நலனைப் பேணும் கடமை ஒளிபரப்பாளருக்கு உண்டு என்று 2021 ஏப்ரலில் விதியே கொண்டுவந்தது.

லவ் ஐலண்டில் கலந்துகொண்ட ஒருவர் 2018-லும் இன்னொருவர் 2019-லும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2020-ல் அதன் முன்னாள் தொகுப்பாளர் கரோலின் ஃப்ளாக்கும். ஒவ்வொரு மரணத்துக்கும் பல காரணங்கள் இருக்கும். ஒற்றை நிகழ்ச்சியின் மேல் எல்லாவற்றையும் சுமத்துவது நேர்மையல்ல. ஆனால் அந்த நிகழ்ச்சியின் உறவுகளைப் பற்றிய எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 2018-ல் ஒரு இளைஞர் தன் ஜோடியை நடத்திய விதத்தில் மன வன்முறையின் அடையாளங்கள் தெரிகின்றன என்று பெண்கள் பாதுகாப்பு அமைப்பான விமன்ஸ் எய்ட் பகிரங்கமாகவே சொன்னது. அதே பருவத்தில் இன்னொரு பெண்ணுக்கு, வேறு வீட்டில் இருந்த அவள் காதலனின் முன்னாள் காதலி அங்கே வந்து இறங்குவதையும் அவன் முகம் மாறுவதையும் மட்டும் வெட்டிக் காட்டினார்கள். அவள் அழுதாள். 2,500-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. அப்போது ஆஃப்காம் விசாரணை எடுக்கவில்லை. 2021-ல் ஒரு பெண் தன் ஜோடியைப் பார்த்துக் கூச்சலிட்ட ஒரே அத்தியாயத்துக்கு ஏறத்தாழ 25,000 புகார்கள். அதற்கும் விசாரணை இல்லை.

இன்று அங்கே போட்டியாளர்களுக்கு மரியாதையான உறவு எது, ஆட்டிப்படைத்தல் எது என்று பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள். உள்ளே இருக்கும்போது அவர்களுடைய சமூக ஊடகக் கணக்குகளை மூடி வைக்கிறார்கள். வெளியே வந்த பிறகு குறைந்தது எட்டு முறை உளவியல் ஆலோசனை, பதினான்கு மாதம் தொடர்பு. நல்ல காரியங்கள். ஆனால் ஜோடிகளைப் பிரித்து வேறு வீட்டில் புது ஆட்களோடு வைத்துச் சோதிக்கும் அந்த வாரம் மட்டும் இன்னும் பத்திரமாக இருக்கிறது. நஞ்சை அடையாளம் காணப் பாடம் எடுத்துவிட்டு, அதே கையால் நஞ்சைப் பரிமாறுகிறார்கள்.

ஜப்பானில் நடந்ததையும் பாருங்கள். ஹானா கிமுரா. இருபத்திரண்டு வயது மல்யுத்த வீராங்கனை. தாயும் மல்யுத்த வீராங்கனையாக இருந்தவர். ஹானா கலந்துகொண்ட ‘டெரஸ் ஹவுஸ்’ நிகழ்ச்சி கூச்சலும் கும்மாளமும் இல்லாத, மென்மையான நிகழ்ச்சி என்று உலகமெங்கும் பெயர் வாங்கியது. ஆறு பேர் ஒரு அழகான வீட்டில் சேர்ந்து வாழ்வார்கள், அவ்வளவுதான். ஹானாவுக்கு ஒரு இளைஞர் மேல் விருப்பமும் இருந்தது. சலவை இயந்திரத்தில் ஹானா மறந்துவிட்டுப் போன மேடை உடையை அந்த இளைஞர் தெரியாமல் தன் துணிகளோடு போட்டுச் சுருங்க வைத்துவிட்டார். மல்யுத்தக்காரருக்கு அந்த உடை உயிருக்குச் சமம். செய்யச் செலவும் அதிகம். ஹானா கோபத்தில் கத்தினார், அந்த இளைஞரின் தலையில் இருந்த தொப்பியைத் தட்டிவிட்டார். யார் வீட்டிலும் நடக்கக்கூடிய ஒரு சண்டை.

2020 மார்ச் கடைசியில் அந்த அத்தியாயம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. செத்துப்போ, ஒழிந்துபோ என்று வசைகள் கொட்டின. ஹானா தன்னைக் காயப்படுத்திக்கொண்டார். தயாரிப்புத் தரப்புக்கும் அது தெரியவந்தது. இருந்தும் மே மாதத்தில் ஃபுஜி டிவி அதே அத்தியாயத்தைத் தொலைக்காட்சியில் போட்டது. அந்தச் சண்டையை ஒட்டிய ஒளிபரப்பாத துண்டுகளையும் யூடியூபில் ஏற்றியது. மே 23 அன்று ஹானா உயிரை மாய்த்துக்கொண்டார். சில நாட்களில் நிகழ்ச்சி ரத்தாயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். அவரைத் திட்டி எழுதிய இருவருக்குத் தலா 9,000 யென் அபராதம். நம் பணத்தில் சில ஆயிரம் ரூபாய். நாடு கொதித்தது; 2022-ல் இழிவுபடுத்துதல் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டுச் சிறை வரை உயர்த்திச் சட்டம் திருத்தினார்கள். திட்டியவர்களைத் தண்டிக்கச் சட்டம் வந்துவிட்டது. ஒளிபரப்பாளர்களின் நெறிமுறை அமைப்பு 2021-ல், ஹானாவின் மனநிலையை நிகழ்ச்சித் தரப்பு போதுமான அளவு கருத்தில் கொள்ளவில்லை, இது நெறிமுறைப் பிழை என்று சொன்னது. அவ்வளவுதான். மகள் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், அவளுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகள், தொலைக்காட்சியில் மறுபடி போட எடுத்த முடிவு இவற்றுக்குப் பதில் கேட்டுத் தாய் கியோகோ கிமுரா தனியாக நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

நாமும் இதையே செய்கிறோம். ஒவ்வொரு பருவமும் முடியும்போது வில்லன் யார் என்று பட்டியல் போடுகிறோம். போட்டியாளரைத் திட்டியவர்களைத் திட்டுகிறோம். பார்க்கிற சனத்துக்கு ரசனை கெட்டுவிட்டது என்று மேடையில் பேசுகிறோம். பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, கவலை வருகிறது. சில மாதங்களுக்கு முன் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள். போனில் ஏதோ ஒரு நிகழ்ச்சியின் துண்டு ஓடிக்கொண்டிருந்தது. “அவ வேற யார்கிட்ட பேசினாலும் அவனுக்குத் தாங்கலடி, பாரேன். எவ்ளோ பாசம் வெச்சிருக்கான்” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “எனக்கும் இப்படி ஒருத்தன் கிடைக்கணும்” என்றாள். துரத்துவதைக் காதல் என்று நம் சினிமா அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுத்தது. ஆனாலும் அது கதை என்று ஒரு தடுப்பு மனதில் இருந்தது. இங்கே நிஜ மனிதர்கள், நிஜக் கண்ணீர். கட்டுப்படுத்துகிறவனுக்குப் பின்னணி இசை போட்டு, மெதுவோட்டத்தில் காட்டி, அவன் சந்தேகத்தைப் பாசமாக மாற்றித் தருகிற வேலையை எடிட்டிங் மேசை செய்கிறது.

பெரியவர்கள்தானே, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தானே உள்ளே போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கையெழுத்துப் போடும்போது உள்ளே என்ன டாஸ்க் வரும், யார் வருவார்கள், தன் பேச்சில் எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாததற்குக் கொடுக்கிற சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. நடுவில் எழுந்து போகலாமா என்றால் ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். அமெரிக்காவில் ‘லவ் இஸ் பிளைண்ட்’ நிகழ்ச்சியில் கலந்துகொண்ட ஒருவர், சாப்பாடும் தண்ணீரும் சரியாகத் தராமல் மதுவை மட்டும் தாராளமாகத் தந்தார்கள், சட்டப்படியான கூலி தரவில்லை என்று 2022-ல் வழக்குப் போட்டார்; 14 லட்சம் டாலரில் அது சமரசமானது. 2024 டிசம்பரில் அந்நாட்டுத் தொழிலாளர் உறவு வாரியத்தின் அதிகாரிகள், இந்தப் பங்கேற்பாளர்களும் தொழிலாளர்களே என்று சொல்லிப் புகாரே பதிந்தார்கள். எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது. நம் பிக் பாஸ் வீட்டில் லைட் பிடிக்கிறவருக்கு பெஃப்சி தொழிற்சங்கம் இருக்கிறது, வேலை நேரம் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து யாரைப் படம் பிடிக்கிறார்களோ அவருக்கு மட்டும் நாள் முழுதும் வேலை, சங்கம் கிடையாது, சட்டமும் கிடையாது.

இந்தியாவில் கேபிள் டிவி சட்டத்தின் நிகழ்ச்சி விதிகள் ஆபாசத்தையும் அவதூறையும் பார்க்கின்றன. ஒளிபரப்பாளர்கள் தாங்களே 2011-ல் வைத்துக்கொண்ட புகார்க் குழுவும் பார்வையாளர் மனம் புண்பட்டதா என்றுதான் பார்க்கிறது. உள்ளே இருப்பவரின் மனம் யார் கணக்கிலும் வரவில்லை. ஆஃப்காம் போல ஒரு விதி எழுதுவதற்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் பெரிய சிரமம் எதுவும் இல்லை. அதுவரைக்கும் சேனல்களே செய்யக்கூடியவை இருக்கின்றன. வாரம் ஒருமுறை, பதிவாகாத ஒரு தொலைபேசி அழைப்பு வீட்டுக்கு. ஒப்பந்தம் தமிழில், வழக்கறிஞரிடம் காட்ட ஒரு வாரம் அவகாசத்தோடு. தன்னைக் காயப்படுத்திக்கொண்டவருக்கு விதிமீறல் பட்டம் இல்லை. சிகிச்சையும், பேசிய சம்பளம் முழுவதும். அந்தக் காட்சி எந்த நாளிலும் ஒளிபரப்பாகாது.

உளவியல் நிபுணர் இருக்கிறாரே என்று சேனல்கள் சொல்லும். இருக்கலாம். அவர் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார்? ஒரு போட்டியாளர் தாங்கமாட்டார் என்று தெரிந்தால், ரேட்டிங் உச்சத்தில் இருக்கும் வாரத்தில், இந்த டாஸ்க் வேண்டாம், கேமராவை நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா? அவர் சொன்னால் இயக்குநர் கேட்டாக வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? அடுத்த பருவம் தொடங்கும் நாளில், தொகுப்பாளர் மேடைக்கு வந்து போட்டியாளர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும்போது, அந்த நிபுணரையும் மேடைக்கு அழைத்து, பெயரைச் சொல்லி, இந்த வீட்டை நிறுத்தும் அதிகாரம் இவருக்கு உண்டு என்று அறிவிக்கட்டும்.